பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளில் தொடக்கக் காட்சி

ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு, அவருக்காகப் பேசியும் முடிவெடுத்தும் சண்டையிட்டும் படிப்படியாகத் திறன் வளர்த்துச் செல்லும் விளையாட்டுகள் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் எனப்படும். ரோல் பிளேயிங் கேம் என்பதைச் சுருக்கி இளைஞர்கள் ஆர்.பி.ஜி. என்பார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டே இவ்வகைக்குத் தாய். தாள், பென்சில், பகடை ஆகியவற்றுடன் நண்பர்கள் கூடி ஆடுவது அது. அங்கே கதை நடத்துபவர் எதிரிலேயே அமர்ந்திருப்பார். கேட்பவர் கொட்டாவி விட்டால் கதையைத் திருப்பிவிடுவார். கணினிக்கு அந்தக் கண் கிடையாது. ஆடுபவர் எங்கே குழம்புவார், எங்கே சலிப்பார் என்பதை எல்லாம் ஆக்கியவர்கள் முன்கூட்டியே கணித்து வைக்க வேண்டும். இந்தக் கணிப்பு முதலில் சோதனைக்கு உள்ளாகும் இடம் தொடக்கக் காட்சி.

இதில் பணமும் இருக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறையை 2015 முதல் வைத்திருக்கிறது. 60 மணி நேரக் கதையை எழுதியவருக்கும் முதல் 2 மணி நேரத்தில்தான் தீர்ப்பு. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து இரவு பத்தரைக்கு அறைக்குத் திரும்பும் இளைஞரோ அந்த 2 மணி நேரத்தையும் தரமாட்டார். அரை மணியில் பிடிக்காவிட்டால் மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

கூத்துக் களரியில் தொடங்குவது எப்படி

தொடக்கம் என்ற கலையை நம் வட்டாரம் கணினிக்கு வெகுகாலம் முன்பே அறியும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா நடக்கும்போது பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். அவன் கதைக்குள் பாதி, ஊருக்குள் பாதி நிற்பவன். கூட்டத்தோடு வம்பளப்பான், சிரிக்க வைப்பான். பிறகு இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார். கிரீடத்தின் நுனியும் சலங்கை ஒலியும் மட்டும் நமக்குக் கிடைக்கும். வந்திருப்பது யார் என்று கட்டியங்காரன் கேட்பான். வேடக்காரர் தம் குலம், பெயர், பெருமை ஆகியவற்றைச் சொல்லி வெளிப்படுவார். அதன் பின்னரே கதை நகரும்.

'நீ யார்' என்ற கேள்வியைக் கதைக்குள்ளேயே ஒருவர் கேட்கிறார், அதற்கு விடை சொல்வதே முதல் செயலாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், கணினி விளையாட்டுகளின் நல்ல தொடக்கங்களில் பாதி விளங்கிவிடும். வேறுபாடு ஒன்று உண்டு. கூத்தில் விடை சொல்பவர் வேடக்காரர், நாம் பார்ப்பவர்கள். கணினியில் திரைக்குப் பின்னால் நிற்பவரே நாம்தான்.

கேள்வி கேட்டுப் பாத்திரம் படைத்தல்

இந்த வகை விளையாட்டுகள் பலவற்றில் முதலில் வருவது ஒரு படிவம். வலிமை இத்தனை, அறிவு இத்தனை, வீரனா மந்திரவாதியா என்று எண்களை நிரப்ப வேண்டும். ஆட்டம் எப்படிப்பட்டது என்றே தெரியாதவரிடம் இதைக் கேட்பது, பள்ளியில் சேர வந்த பிள்ளையிடம் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்பது போன்றது.

1985-இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய அல்டிமா 4 இதற்கு ஓர் அருமையான வழி கண்டது. ஆடுபவர் ஒரு திருவிழாவுக்குப் போகிறார். குறி சொல்லும் பெண் ஒருத்தி சீட்டுகளை விரிக்கிறாள். வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என 8 பண்புகள். இரண்டிரண்டு பண்புகளை மோதவிட்டு, இந்த நிலையில் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறாள். இரண்டு வழியும் நல்லவையே, ஆனால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். 4 கேள்விகளில் 4 பண்புகள் விலகும், அடுத்த 2 கேள்விகளில் 2, கடைசிக் கேள்வியில் 1. ஆக 7 கேள்விகள் முடிந்ததும் நிற்கும் பண்பே உங்கள் தொழிலைத் தீர்மானிக்கிறது. இரக்கம் என்றால் பாணர், பணிவு என்றால் இடையர். எண்களை நிரப்பும் வேலை மனச்சாட்சிப் பரீட்சையாகிவிட்டது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் இதைவிடச் சிறந்த பாத்திரப் படைப்பைக் காண்பது அரிது என்பது என் கருத்து.

2002-இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட மாரோவிண்ட் வேறு வழியில் போனது. நீங்கள் கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதி. உடன் இருக்கும் கைதி பெயர் கேட்கிறான். கரையில் இறங்கியதும் காவலர் எந்த இனம் என்று கேட்கிறார். குடிக்கணக்கு மற்றும் சுங்க அலுவலகத்தில் ஒரு முதியவர் தொழிலைக் கேட்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறார். படிவம் நிரப்பும் சலிப்பான வேலை, படிவம் நிரப்பும் அலுவலகமாகவே ஆக்கப்பட்டிருக்கிறது! ஜூஜூவாடி எல்லையில் வண்டித் தாள்களை நீட்டிக்கொண்டு நின்ற எவருக்கும் அந்த அறையின் உணர்வு உடனே பிடிபடும். நீ யார் என்பதை அரசு எழுதிக்கொள்கிறது, அதன் பிறகே கதவு திறக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில் 'எந்த ஊர், என்ன பாஷை' என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் சேற்று நிலத்தில் ஒரு சிறிய ஊர். ஒரு பொட்டலத்தை இன்னாரிடம் சேர்க்க வேண்டும் என்ற கட்டளை கையில் இருக்கிறது. சேர்த்தே ஆக வேண்டும் என்று யாரும் துரத்துவதில்லை. எந்தத் திசையிலும் நடக்கலாம். அந்த அமைதியில் சிலர் சொக்கிப்போனார்கள், சிலர் வழி தெரியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டுமே உண்மை.

அதே நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஸ்கைரிம், கைகள் கட்டப்பட்டு வண்டியில் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படும் காட்சியோடு தொடங்குகிறது. தலை வெட்டப்படும் வேளையில் டிராகன் வந்து இறங்குகிறது. முதல் முறை பார்ப்பவருக்குப் பரபரப்புதான். ஆனால் அந்த வண்டிப் பயணத்தில் தலையைத் திருப்புவது தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாம் முறை புதிய பாத்திரத்தோடு தொடங்குபவருக்கு அது தண்டனை. அந்தக் காட்சியையே தவிர்த்து வேறு இடத்தில் தொடங்க வைக்கும் மாற்று நிரல்களை ரசிகர்களே எழுதினார்கள், அவை பெரிதும் பயன்படுத்தப்பட்டன. திரும்பத் திரும்ப ஆடப்படும் வகைக்குத் தொடக்கம் எழுதுபவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

பி.எட். படிக்கும்போது எல்லோருக்கும் சொல்லித்தரும் பழைய விதி ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. புதிதாக விளையாட்டு எழுத வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏழு அரசுகள் இருந்தன, அவற்றுக்குள் போர் மூண்டது என்று மூன்று பக்கம் ஓடவிடுவார்கள். கேட்பவருக்கு அந்த அரசர்களில் ஒருவரும் உறவில்லை, பகையுமில்லை. பெயர்கள் காதில் விழுந்து கீழே உதிர்ந்துவிடும்.

1997-இல் வந்த ஃபால்அவுட்டைப் பாருங்கள். அணுப்போருக்குப் பின் நிலத்தடிக் காப்பறையில் தலைமுறைகளாக வாழும் மக்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் பொறியின் ஒரு சில்லு பழுதாகிவிட்டது. 150 நாட்களுக்குள் வேறு சில்லு கொண்டுவர வேண்டும். உலகம் முழுதும் அந்நியமானது, ஆனால் தேவை தண்ணீர். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகக் காத்திருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதையின் அவசரத்தை விளக்கவே வேண்டாம். கதவைத் தாண்டியதும் குகையில் ஓர் எலும்புக்கூடு கிடக்கிறது. நமக்கு முன் அதே சீருடையில் போனவர் இவ்வளவு தூரம்தான் வந்தார் என்பது ஒரு சொல்கூட இல்லாமல் தெரிந்துவிடுகிறது. ஆபத்து, கெடு, முன்கதை எல்லாம் ஓர் உடலில்.

வரலாற்றைப் பொருளின் வழியாகச் சொல்வது நமக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களின் முன் நின்று பார்க்கலாம். கையில் வில்லோ வாளோ, உடலில் தைத்த அம்புகள், சிலவற்றில் காலடியில் மாடுகள். யாருக்காகச் செத்தான், மீட்ட மாடுகள் என்னவாயின என்று கேள்விகள் தாமாக எழுகின்றன. நம் பக்கத்துக் கதையை விளையாட்டாக்க நினைக்கும் மாணவர், வயல் ஓரத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு நடுகல்லில் தொடங்கினால் மூன்று பக்க முன்கதையை மிச்சப்படுத்தலாம்.

தெரியாமையையே கருவியாக்குவதும் ஒரு வழி. 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட், பிணவறைக் கல்மேடையில் கண்விழிக்கும் ஒருவனோடு தொடங்குகிறது. அவனுக்குத் தன் பெயரே நினைவில்லை, நமக்கும் தெரியாது. மிதந்து வரும் ஒரு மண்டையோடு அவன் முதுகில் பச்சை குத்தியிருப்பதைப் படித்துச் சொல்கிறது. 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியமும் நினைவிழந்த துப்பறிவாளனைக் கொண்டதுதான். அங்கே மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கும் சொந்தக் கழுத்துப்பட்டையை எடுக்கப் போய், உடல்வலிமை குறைவாக அமைத்திருந்தால், முதல் அறையிலேயே மாரடைப்பில் செத்துப்போகலாம். சிரிப்பு வரும். ஆனால் நீங்கள் நிரப்பிய எண்களுக்கு இங்கே பொருள் உண்டு என்பது அதோடு மனத்தில் தைத்துவிடும். இவற்றைப் பார்த்து நினைவிழப்பை எடுத்தாண்டவர்கள் பலர். மேற்சொன்ன இரண்டிலும் நினைவிழப்பே கதையின் மையக் கேள்வி. மற்ற இடங்களில் அது எழுத்தாளரின் சோம்பலாகவே தெரிகிறது.

சிறு செயலுக்கு நினைவு

கணினிக்கு முன், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவிக்காக 1995-இல் ஜப்பானில் வெளியான குரோனோ டிரிக்கர் ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. ராட்டினக் கடைகள், பந்தயங்கள். மேசையில் யாரோ வைத்த சாப்பாட்டை எடுத்துத் தின்னலாம். பூனையைத் தொலைத்த சிறுமிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். மோதி விழுந்த பெண்ணை முதலில் தூக்குவதா, அவள் பதக்கத்தை எடுப்பதா? எல்லாம் விளையாட்டாகவே நடக்கும். சிறிது நேரம் கழித்து நாயகன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது அந்தச் சாப்பாடும் பூனையும் பதக்கமும் சாட்சிகளாக வந்து நிற்கும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்தவற்றை உலகம் குறித்து வைத்திருக்கிறது. அன்று முதல் ஆடுபவர் கையை யோசித்துத்தான் நீட்டுவார்.

இந்தியாவிலிருந்தும் தமிழிலிருந்தும்

இந்தியச் சூழலில் இவ்வகையில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. பைரோடாக்டில் என்ற சிறு குழு 2014-இல் வெளியிட்ட அன்ரெஸ்ட், பழைய இந்தியாவைப் போன்ற கற்பனை உலகில் பீம்ரா என்ற பஞ்சம் பிடித்த நகரை வைத்து நடக்கிறது. ஒரே வீரனுக்குப் பதிலாகப் பலருடைய வேடங்களை மாறி மாறி ஏற்க வேண்டும். அவர்களில் ஒருத்தி, வீட்டார் திருமணம் பேசி முடித்த கிராமத்துப் பெண். வாளே இல்லாமல், பேச்சால் மட்டும் போராட வேண்டிய நிலை.

கனடாவில் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட வெண்பா கண்டிப்பான பொருளில் ஆர்.பி.ஜி. அன்று, சமையலை வைத்துக் கதை சொல்லும் சிறிய விளையாட்டு. ஆனாலும் தொடக்கத்துக்குத் தமிழர் கையிலிருந்து வந்த நல்ல எடுத்துக்காட்டு அதுவே. 1988, கனடாவில் குடியேறிய வெண்பாவும் கணவர் பாவலனும். அவள் இட்லி ஊற்ற வேண்டும். அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்பு கிழிந்து அழிந்திருக்கிறது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்கினால் ஆவி போகும் என்பதே முதல் புதிர். தமிழ் வீட்டில் வளர்ந்தவர் குறிப்பில்லாமலே அடுக்கிவிடுவார், தெரியாதவர் ஒருமுறை தவறவிட்டுக் கற்பார். அழிந்த எழுத்தை நாமே நிரப்பும்போது, பிறந்த மண்ணை விட்டு வந்தவர் எதை இழக்கிறார் என்பது வசனமின்றி விளங்குகிறது. அந்த விளையாட்டு 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

எழுதிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு

ட்வைன் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இயங்குகிறது. நிரல் அறியாதவரும் கிளைவிடும் கதையைத் தமிழிலேயே எழுதலாம். முழுக்கதையை விட்டுவிட்டு முதல் பத்து நிமிடத்தை மட்டும் எழுதுங்கள். பிறகு அதைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரை, முடிந்தால் விளையாட்டுப் பழக்கமே இல்லாத வீட்டுப் பெரியவரை, முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் பின்னால் நின்றுகொள்ளுங்கள். அவர் திரும்பிப் பார்த்து 'இப்போ என்ன செய்யணும்' என்று கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். கேட்ட இடத்தை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்காமல் தாமே எதையோ செய்துவிட்டு, அது சரியா தவறா என்று பார்க்கத் திரைக்கு அருகே குனிந்தால் அந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.