அடைவிலிருந்து பெயர் நீக்குதல்



கணினியில் ஒரு பெயரைத் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விவரம் வந்து நிற்கிறது. அந்த விவரம் இனி வரக்கூடாது என்றால் என்ன செய்வது? ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான விவரங்களை ஒரே முறையில் நீக்குவது எப்படி? இன்று இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பெரிய நூல்களின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருப்பதை நாம் அறிவோம். ஒரு சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது காட்டும். தேடும் கணினியும் இத்தகைய அடைவையே வைத்திருக்கிறது. டக் கட்டிங் என்பவர் 1999ஆம் ஆண்டு உருவாக்கிய லூசீன் இவ்வகையைச் சேர்ந்தது. அதை அடித்தளமாகக் கொண்டு 2010ஆம் ஆண்டு வெளிவந்தது எலாஸ்டிக்சர்ச். இன்று உலகெங்கும் பல நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

கிள்ளானில் கட்டணம் பெற்றுப் பாடம் நடத்தும் ஒரு டியூஷன் நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அடைவில் 20,000 மாணவர்களின் பதிவுகள் உள்ளன. அவர்களுள் 3,000 பேர் படிப்பை முடித்துச் சென்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர்களின் பெயர், அடையாள அட்டை எண், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

இப்படிக் கிடக்கவிடலாமா? கூடாது. நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வணிகத் தொடர்பில் பெற்ற தனிநபர் விவரத்தைத் தேவை தீர்ந்தபின் வைத்திருக்கக்கூடாது, நிரந்தரமாக அழிக்கவேண்டும் என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய, மாநில அரசுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்வோம்.

சரி, எப்படி அழிப்பது? ஒவ்வொன்றாக அழித்தால் கணினிக்கு 3,000 முறை ஆணை அனுப்பவேண்டும். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு 3,000 கடிதங்களை, ஒரு பயணத்துக்கு ஒன்றாகக் கோமுட்டர் ரயிலில் கொண்டுபோவதைப் போன்றது அது. கட்டாகக் கட்டிக் கொண்டுபோவதே அறிவுடைமை. இந்தக் கட்டும் வேலையைச் செய்ய ஆயத்த நிரல்தொகுப்புகள் உண்டு. கிளையன்ட் லைப்ரரி என்பார்கள். பெயரில்தான் நூலகம், உள்ளே இருப்பவை ஆணைகள். பைத்தான் மொழிக்கான தொகுப்பு, நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கட்டுக்கு 500 வீதம் அனுப்பும். எந்த அடைவு, எந்த எண்ணுள்ள பதிவு, நீக்குக என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆக, 3,000 பதிவுகளுக்கு ஆறு கட்டுகள்.

இங்கேதான் கவனம் வேண்டும். மூன்றாவது கட்டில் ஒரு பதிவு முன்பே நீக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அதற்கு மட்டும் 'காணவில்லை' என்ற பதில் வரும். பைத்தான் தொகுப்பு அதைப் பிழையாகக் கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குள் முதல் இரண்டு கட்டுகளின் 1,000 பதிவுகளும் மூன்றாவதில் 499 பதிவுகளும் போய்விட்டன. மீதி 1,500 பதிவுகள் அனுப்பப்படவே இல்லை. போனவையும் தாமாகத் திரும்பி வரமாட்டா. ஆகவே, கட்டு முழுவதற்கும் வரும் பதிலை மட்டும் பார்த்து நிறைவு கொள்ளாமல், ஒவ்வொரு வரிக்கும் வந்த பதிலைப் பார்க்கவேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்நாளில் தோட்டத்துக் கிராணியார் செக்ரோலில் ஒருவர் பெயரை நீக்கும்போது தாளைக் கிழிக்கமாட்டார்; பெயரின்மேல் கோடு போடுவார். மறுநாள் பெரட்டில் அந்தப் பெயர் கூப்பிடப்படாது. ஆனால் தாளில் பெயர் இருக்கும். புதிய ஏட்டுக்குப் படியெடுக்கும்போதுதான் அது விடுபடும். லூசீனும் அப்படியே. எழுதிய பகுதியை அது திருத்துவதில்லை. நீக்கப்பட்டது என்று குறி மட்டும் வைக்கிறது. அடைவு புதுப்பிக்கப்பட்டதும் தேடலில் அப்பெயர் வராது. சிறு பகுதிகள் பல சேர்ந்து ஒரு பெரிய பகுதியாகும்போதுதான் அது வட்டிலிருந்து விலகும். தனியே எடுத்துவைத்த காப்புப் படிகளில் இருப்பதோ அப்போதும் போகாது.

நீக்கவேண்டியவையே பெரும்பாலானவை என்றால் வேறு வழி நல்லது. இருக்கவேண்டியவற்றைப் புதிய அடைவுக்கு மாற்றி, அவற்றை எண்ணிச் சரிபார்த்து, பழையதை முழுவதுமாக நீக்கிவிடலாம்.

நேயர்களே, தவறான நிபந்தனையைக் கொடுத்தால், இன்று படிக்கும் பிள்ளையின் பதிவும் சேர்ந்து போய்விடும். அதனால் நீக்குமுன் அதே நிபந்தனையால் தேடிப் பார்த்து, எத்தனை வருகின்றன என்று எண்ணவேண்டும். 3,000 வரவேண்டிய இடத்தில் 13,000 வந்தால் கையை எடுத்துவிடவேண்டும்.

உங்கள் பிள்ளையின் விவரத்தை அழித்துவிட்டோம் என்று ஒரு நிலையம் சொன்னால், தயங்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை நீக்கச் சொன்னீர்கள், எத்தனை நீங்கின? வட்டிலிருந்தும் போயிற்றா? காப்புப் படிகளை என்ன செய்தீர்கள்? மூன்றுக்கும் விடை கிடைத்தால்தான் அழித்தல் என்னும் வேலை முடிந்தது என்று பொருள்.