மூட் அவுட்டா... யார்கூட சண்டை பாஸ்?

அரக்கோணத்துல காலையில எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்கிற எல்லோருக்கும் தெரிஞ்ச உண்மை இது... சீட் என்பது சொத்து! சென்னை வரைக்கும் கிட்டத்தட்ட 70 கிலோ மீட்டர். நின்னுக்கிட்டே போனா, முதல் பீரியட்ல கால் கெஞ்சும்.

எனக்கு மட்டும் அந்தக் கவலையே இருந்ததில்லை. திருத்தணியிலேயே ஏறிடுற என் நண்பன், பக்கத்து சீட்ல பையைப் போட்டு எனக்காக இடம் பிடிச்சு வைப்பான். ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு. ஒருநாள், அவனுக்கு அரியர் விழுந்ததை மீம் ஆக்கி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். கிளாஸே சிரிச்சது. அவன் சிரிக்கலை. மறுநாள் சீட்ல பை இல்லை. அதுக்கு மறுநாள் அவனே இல்லை. வேற பெட்டி!

'போனா போடா'ன்னு கெத்தாதான் இருந்தேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. சாப்பாடு இறங்கலை. இன்டர்னல் மார்க் சரிஞ்சது. 'கண்ணு பட்டிருக்கு'ன்னு அம்மா சுத்திப் போட்டாங்க. 'செமஸ்டர் டென்ஷன்மா'ன்னு நான் சொன்னேன். ரெண்டு பேர் கணக்குமே தப்பு!

கடைசியில ஒரு கவுன்சலர்கிட்ட போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "எப்பலேர்ந்து இப்படி இருக்கு? அந்தச் சமயத்துல யார்கூடவாவது பேச்சு நின்னுச்சா?"

அட!

உறவு வழியே ஒரு வைத்தியம்

அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு சிகிச்சை முறையே இருக்கு. பேரு இன்டர்பெர்சனல் தெரபி, சுருக்கமா ஐ.பி.டி. மனச்சோர்வுக்காக அமெரிக்காவின் ஜெரால்ட் கிளர்மன், மிர்னா வைஸ்மன் இருவரும் 1970-களில் உருவாக்கியது. பொதுவா வாரம் ஒரு முறைன்னு 12 முதல் 16 வாரம். சின்ன வயசுக் கதையைத் தோண்டுறதைவிட, 'இப்போ உங்களைச் சுத்தி யார் இருக்காங்க, அவங்களோட என்ன பிரச்னை?' என்பதுதான் இதில் முக்கியம். மனசு வாடினா உறவு கெடும். உறவு கெட்டா மனசு இன்னும் வாடும். இந்த வட்டத்தை உறவுப் பக்கத்திலிருந்து வெட்டுறதுதான் ஐடியா.

சிக்கலை நாலு முடிச்சா பிரிக்கிறாங்க. உங்க முடிச்சு எதுன்னு பாருங்க...

இழப்பு: தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆச்சு. பரீட்சை இருந்ததால அப்போ சரியா அழக்கூட இல்லை. இப்போ காரணமே இல்லாம அழுகை வருது.

சண்டை: அப்பா 'ஐ.டி. வேலை'ங்கிறார், நீங்க 'சினிமா'ங்கிறீங்க. வீட்ல ஒரே மௌனம்.

மாற்றம்: ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் டாப்பர். ஃபர்ஸ்ட் இயர்ல இங்கிலீஷ் லெக்சர் கேட்டு, கடைசி பெஞ்சுல முடங்கிட்டீங்க.

தனிமை: கான்டாக்ட்ல முந்நூறு பேர். ஜுரம்னா போன் பண்ண ஒருத்தர்கூட இல்லை.

முடிச்சு தெரிஞ்சதும் வேலை ஆரம்பம். உங்களுக்கு நெருக்கமானவங்க யார் யார்னு ஒரு பட்டியல். நடந்த சண்டையை 'நான் இதைச் சொன்னேன், அவன் அதைச் சொன்னான்'னு வார்த்தைக்கு வார்த்தை திரும்பச் சொல்லணும். எந்த இடத்துல பேச்சு தடம் புரண்டதுன்னு அப்பதான் தெரியும். அப்புறம் அடுத்த பேச்சுக்கு ரிகர்சல்!

'இதெல்லாம் பணக்காரங்க சமாசாரம் பாஸ்'னு நினைக்காதீங்க. 2003-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உகாண்டா கிராமங்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, குழுவா உட்கார வெச்சு இதைச் செய்தாங்க. மனச்சோர்வு நல்லாவே குறைஞ்சது. நம்ம கோவாவிலும் 'மானஸ்' என்ற ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் கொடுத்த சிகிச்சையில் ஐ.பி.டி.யும் ஒரு பகுதி. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவங்களில் கூடுதலானோர் குணமானாங்கன்னு 2010-ல் முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் குழு ஐ.பி.டி.க்குக் கையேடே போட்டிருக்கு.

ஒரு விஷயம்... ரெண்டு வாரத்துக்கு மேல சோகம் விடலைன்னாலோ, வாழவே பிடிக்கலைன்னு தோணினாலோ, நண்பர்கள் சரிசெய்வாங்கன்னு காத்திருக்காதீங்க. டாக்டரைப் பாருங்க. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416-ல் கூப்பிடலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தணிகிற இடம்

என் கதைக்கு வர்றேன். ரிகர்சல்ல நான் எழுதின வசனம்: 'சாரி மச்சி, ஆனா நீயும் ரொம்ப ஓவரா ரியாக்ட் பண்ணே.' கவுன்சலர் பேனாவால 'ஆனா'விலிருந்து எல்லாத்தையும் அடிச்சுட்டாங்க. மிச்சம் ரெண்டே வார்த்தை!

சூரனோடு போர் முடிஞ்சு, முருகன் கோபம் தணிஞ்ச இடம் திருத்தணின்னு சொல்வாங்க. அதனாலதான் கந்த சஷ்டிக்கு மத்த ஊர்ல சூரசம்ஹாரம் நடக்கிறப்போ, அங்கே மட்டும் பூ போட்டு அர்ச்சனை. அந்த ஊர்க்காரன்கிட்டதான் நான் இத்தனை நாள் முறைச்சுக்கிட்டு இருந்தேன்!

ஒரு சாயங்காலம் திரும்பி வர்ற ட்ரெயின்ல அவன் பெட்டியைத் தேடிப் போய் அந்த ரெண்டு வார்த்தையைச் சொன்னேன். குரூப்பிலும் போட்டேன். அவன் கட்டிப்பிடிக்கலை. "எங்கப்பாவுக்கு அந்த மீம் மூலமாத்தான்டா அரியர் மேட்டரே தெரிஞ்சது"ன்னு மட்டும் சொன்னான். எனக்கு அப்பதான் அது தெரியும். பதில் சொல்ல வாய் வரலை. அரக்கோணம் வர்ற வரைக்கும் அவன் பக்கத்துலயே நின்னேன்.

பத்து நாள் கழிச்சு, காலையில பழைய பெட்டியில ஏறினேன். ஜன்னலோரம் அவன். பக்கத்து சீட்ல பை.

உங்க சீட்டை யார் பிடிச்சு வெச்சிருக்காங்க? கடைசியா அவங்ககிட்ட எப்ப பேசினீங்க பாஸ்?