அம்மியில் தங்கிய சட்னி

வாய் நாறுகிறதோ என்று சந்தேகம் வந்த அன்றுதான் நாக்கை முழுதாக நீட்டிப் பார்க்கிறோம். கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தால், தொண்டைக்கு அருகே உருண்டை உருண்டையாகச் சில முண்டுகள். அடிவயிறு கலங்கிவிடும். கட்டியோ? அதிலிருந்துதான் நாற்றமோ?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வரிசையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அவை பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவை. நாம்தான் இன்று எட்டிப் பார்த்திருக்கிறோம். ஆனால் நாக்கின் மேடுபள்ளத்துக்கும் வாய் நாற்றத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அம்மியில் அரைத்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.

கொத்திய கல்

வழவழவென்று தேய்ந்த அம்மியில் மிளகாய் வழுக்கி ஓடும். அதனால்தான் தெருவில் குரல் கொடுத்து வருபவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தி வாங்குவார்கள். சொரசொரப்பு இருந்தால்தான் கல்லுக்குப் பிடிமானம்.

நாக்கும் கொத்திய கல்தான். மேற்பரப்பு முழுக்க, தேங்காய்ப்பூத் துண்டின் நூல்முனைகள் போல நுண்ணிய இழைகள் நிற்கின்றன. எண்ணிக்கையில் இவையே அதிகம். இவற்றுக்குச் சுவை தெரியாது. உணவைப் பற்றிப் புரட்டுவதே வேலை. இவற்றுக்கு நடுவே, நுனியிலும் ஓரங்களிலும், காளான் குடை போலச் சில நூறு சிவப்புப் புள்ளிகள். சுவைமொட்டுகள் இவற்றில் உண்டு. பின்பக்க ஓரங்களில் மடிப்பு மடிப்பாக ஒரு வகை. நம்மைப் பயமுறுத்தியவை நான்காவது வகை: நாக்கின் அடிப்பகுதியில் அம்புமுனை போல அணிவகுத்து நிற்கும் 8 முதல் 12 வரையான பெரிய முண்டுகள். குழியில் வெந்து ஓரம் விட்ட பணியாரம் போல ஒவ்வொன்றும் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் சின்ன அகழி. அந்த அகழியின் சுவரில் சுவைமொட்டுகள். அடியில் உள்ள சுரப்பிகள் நீர் விட்டு அகழியை அலசிக்கொண்டே இருக்கும்.

ராத்திரி கழுவாத அம்மி

தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டு அம்மியைக் கழுவாமல் படுத்தால், காலையில் கல் நாறும். நாறுவது கல்லா? கொத்துக்குழியில் தங்கிய சட்னி.

நாக்கின் இழைகளுக்கு நடுவே தங்குவது உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல்கள், மூக்கின் பின்புறமிருந்து வழியும் சளி. இவை சேர்ந்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவுபோல் படிகின்றன. முன்நாக்கு பல்லிலும் அண்ணத்திலும் உரசிக்கொண்டே இருப்பதால் அங்கே அவ்வளவாகச் சேராது, பின்நாக்கில்தான் தடிக்கும். படிவின் அடியில் காற்று புகாது. காற்று ஆகாத பாக்டீரியாக்களுக்கு அதுதான் வசதி, மூடிபோட்டு மறந்துவிட்ட டிபன் பாக்ஸ் போல.

இட்லி மாவு புளிக்கும். மீன் கழுவிய சட்டி நாறும். மாவுச்சத்து கெடுவது வேறு, புரதம் கெடுவது வேறு. இந்தப் பாக்டீரியாக்கள் பிடிப்பது புரதத்தை. அதிலுள்ள கந்தகம் வாயுவாக மாறுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போலவும், மெத்தில் மெர்காப்டன் அழுகிய முட்டைக்கோஸ் போலவும் வீசும். வாய் நாற்றத்தில் இந்தக் கந்தக வாயுக்களே முதன்மை என்பதை 1970களில் ஆய்வுக்கூடத்தில் பிரித்தளந்து காட்டியவர்களில் முன்னோடி, கனடாவின் ஜோசப் டான்ஸெடிச்.

குழாய் நின்றால்

அங்கணத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அழுக்கு நிற்காது. வாயில் அந்தத் தண்ணீர் உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும். தூங்கும்போது குழாய் ஏறக்குறைய நின்றுவிடும். விடியற்காலை வாய் நாறுவது அதனால்தான். வாயைத் திறந்து தூங்குபவர்களுக்கும், விரத நாளிலும், உமிழ்நீரைக் குறைக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இதே கதை.

பூண்டு நாற்றம் மட்டும் தனி வழி. அதன் கந்தகப் பொருளில் ஒன்று ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வரும். எத்தனை முறை பல் தேய்த்தாலும் சில மணி நேரம் போகாது.

'வயிற்றுப்புண் இருக்கும், அதான் வாய் நாறுது' என்று பழியை வயிற்றின்மேல் போடுவது நம் வழக்கம். ஆனால் தொடர்ந்து வாய் நாறுபவர்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது: நாக்குப் படிவு, ஈறு நோய், சொத்தைப் பல்.

கழுவும் முறை

சமைப்பவருக்குத் தன் அடுப்படி வாசனை தெரியாது. நமக்கும் நம் வாய் தெரியாது. மணிக்கட்டை நக்கி, காயவிட்டு முகர்ந்தால் ஓரளவு தெரியும்.

நாக்கு வழிப்பானைப் பின்னால் வைத்து மெல்ல முன்னுக்கு இழுங்கள். நாலைந்து இழுப்பு போதும். தெருவே எழுந்துகொள்ளும்படி ஓங்கரிக்க வேண்டியதில்லை. ரத்தம் வரச் சுரண்டுவது, பாத்திரத்தின் ஈயப்பூச்சைத் தேய்த்தெடுப்பது போல. காலையில் மட்டும் வழிப்பவர்கள் இரவையும் சேர்த்துக்கொள்ளலாம்; குழாய் நிற்கப்போவது அப்போதுதானே. ஏலக்காய் மெல்லுவது அடைத்த அங்கணத்துக்குச் சாம்பிராணி போடுவது மாதிரி: வாசனை வரும், அடைப்பு போகாது.

ஒரே பக்கத்தில் மட்டும் முளைத்த முண்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் கெட்டியாகவோ ரத்தம் கசிவதாகவோ இருக்கும் இடம், வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு: இவை கொத்திய கல்லின் இயல்பு அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலை, பாக்கு போடுபவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. நாக்கைத் தினமும் வழிப்பதில் இன்னொரு லாபம் இதுதான்: எது பழைய முண்டு, எது புதிது என்று கண்ணுக்குப் பழகிவிடும். டார்ச் அடித்துப் பதற வேண்டியிருக்காது.