மழைமானிப் புனலில் சிலந்தி வலை

தானியங்கி வானிலை நிலையம் நின்றுவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே தவறான கணக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று வீதம் 385 நிலையங்களை நிறுவியது. பருத்தியும் முருங்கையும் கொறங்காடும் கொண்ட மூலனூர் போன்ற மழை குறைந்த பகுதியில் 10 மி.மீ. கூடப் பெரிய மழையே.

ஆடிக் காற்று வாரி வரும் புழுதியுடன் சிலந்தி வலையும் பறவை எச்சமும் சேர்ந்தால் மழைமானிப் புனலின் துவாரம் அடைபடும். மழை கொட்டியும் பதிவில் பூஜ்யம் விழும். தேங்கிய நீர் பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கி, வெயில் நாளை மழை நாளாகக் காட்டும். பாசன ஆலோசனையும் பூச்சி, நோய் முன்னறிவிப்பும் இந்தக் கணக்கை நம்பியே தரப்படுகின்றன.

தாராபுரம், குண்டடம், வெள்ளகோவில் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் கோடை இடிமழை ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடும். ஒருநாள் வேறுபாட்டைப் பிழையென்று தள்ளிவிடக் கூடாது. ஐப்பசியில் சுற்று வட்டாரமெல்லாம் பல நாள் நனைய, ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் ஆளனுப்ப வேண்டும்.

சோதனை எளிது. புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால், 200 மி.லி. நீரை மெதுவாக ஊற்ற 10 மி.மீ. காட்ட வேண்டும். (சோதனை நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால் அதுவும் மழையாகிவிடும்!) பதிவு வராத நாளைப் பூஜ்யமிட்டு நிரப்பாமல் வெற்றிடமாகவே விட வேண்டும்.

மரங்கள், தம் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்துக்காவது அப்பால் இருக்க வேண்டும். முருங்கை ஓராண்டிலேயே ஆளுயரம் தாண்டிவிடும். நிலைய வேலியோரம் அதை நட வேண்டாம்.