மதுரை – சிங்கப்பூர்: நான்கு மணி நேரப் பயணமும் நோயாளியின் உடலும்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெரியவர்கள் பலர் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது இது: "சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு எப்போது போகலாம்?"

பழங்காநத்தத்திலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மேற்கே துபாயும் ஏறக்குறைய அதே தொலைவுதான். கொழும்பு சுமார் 350 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய அந்நாளைய பயணிகளுக்குச் சிங்கப்பூர் சென்றடைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று.

பயணச்சீட்டைப் பார்த்துச் சிலர் ஆறரை மணி நேரப் பயணம் என்று அஞ்சுவதுண்டு. புறப்படும் நேரம் இந்திய நேரம். சேரும் நேரம் சிங்கப்பூர் நேரம். அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் முன்னரே கூறி, ஊசி போடும் நேரத்தைக் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைப் போல இருப்பதில்லை. உயரே பறக்கையில் அது 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ள அழுத்தத்துக்கு இறங்குகிறது. ஏறத்தாழ 7,000 அடி உயரக் கொடைக்கானலில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். நலமுள்ளவர் இதை உணர்வதே இல்லை. நுரையீரல் நோய், இதய பலவீனம், கடும் இரத்தசோகை உள்ளவர்களுக்கோ மூச்சுத் திணறக்கூடும்.

அழுத்தம் குறைந்தால் உடலுக்குள் அடைபட்ட காற்று விரியும். வயிற்றைத் திறந்து அறுவை செய்தவர்கள் பொதுவாகப் பத்து நாளேனும் பொறுக்கச் சொல்லப்படுவது இதனால்தான். கண் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நம் ஊரில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைக்கப்பட்டிருந்தால், அது முற்றிலும் கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரமோ இரண்டு மாதமோ ஆகலாம். அதற்குள் பறந்தால் குமிழ் விரிந்து பார்வையே பறிபோகக்கூடும். விமானம் வேண்டாம் என்று சொன்னவுடன் கொடைக்கானல் பேருந்தில் ஏறிவிடுவோரும் உண்டு. அந்த மலைப்பாதையும் இவர்களுக்கு ஆபத்தே.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரலாம் என்பது அதன் கணிப்பு. பெரும்பாலோர் அஞ்ச வேண்டியதில்லை. அண்மையில் இடுப்பு, முழங்கால் அறுவை செய்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், முன்பு இரத்தம் உறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். மற்றவர்கள் தண்ணீர் அருந்தி, கணுக்காலை அடிக்கடி அசைத்து, இடையிடையே எழுந்து நடந்தால் போதும்.

மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள்; சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்து போன்றவற்றைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்ல அந்நாட்டு அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். ஆக்சிஜனோ சக்கர நாற்காலியோ வேண்டுவோர் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் நிரப்பித் தரும் உடல்தகுதிப் படிவத்தை நிறுவனம் கேட்கலாம்; வீடு திரும்பும் நாளில் தரப்படும் சிகிச்சைச் சுருக்கத்தின் நகலையும் அதனுடன் எடுத்துச் செல்லுங்கள்.