வீட்டுத் தோட்டத்துக்குப் பூஞ்செடி

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்தவர்கள், வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே மிஞ்சிய பத்தடி நிலத்தை அலங்கரிக்க வேண்டுமென்று தோன்றியவுடன் நர்சரிக்குப் புறப்பட்டுப் போய், பச்சை வலைக் கூரையின்கீழ்ப் பைகளில் பூத்துக் குலுங்கும் செடிகளுள் கண்ணுக்குப் பிடித்தவற்றை வாங்கி வந்து நட்டுவிடுகிறார்கள். ஆறேழு மாதங்களில் ஒரு செடி பூப்பதை நிறுத்திவிடுகிறது, மற்றொன்று மஞ்சளித்துப் போகிறது, இன்னொன்று ஜன்னலை மறைத்து மண்டிவிடுகிறது. பழியெல்லாம் நர்சரிக்காரர் தலையில் விழுகிறது. பையில் நிற்கும் கன்று தன் பூவைக் காட்டுமே ஒழியத் தன் சுபாவத்தைக் காட்டாது. பத்து இருபது வருஷம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கப்போகிற ஜீவனைத் தேர்ந்தெடுக்கும்போது வெயில், மண், தண்ணீர், வளரும் பருமன் ஆகியவற்றை முதலிலும் பூவின் வர்ணத்தைக் கடைசியிலும் விசாரிப்பதே முறையென்பது என் அபிப்பிராயம்.

செம்பருத்தி, மல்லிகை, காகிதப்பூ, அரளி ஆகியவை நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் இலையை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கும். நந்தியாவட்டையும் கனகாம்பரமும் அரை நிழலிலும் பூக்கும். இது பலரும் அறிந்ததே. நிழல் எங்கே இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம் உண்டு. சீமையில் எழுதப்பட்ட தோட்ட நூல்கள் வீட்டின் வடபுறச் சுவரோரத்தை வருஷம் முழுவதும் நிழலுக்குரிய இடமாகக் கருதுகின்றன; அந்நாடுகளில் நண்பகற் சூரியன் எந்நாளும் தெற்கே சாய்ந்தே நிற்பதால் அது அவர்களுக்குச் சரி. சென்னையிலோ, சித்திரை மாதத்தின் நடுவை நெருங்கும்போது நேர் உச்சிக்கு வந்துவிடும் சூரியன், அதன்பின் ஆவணி பிறக்கும்வரை நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்காகவே கடந்து செல்கிறது. ஆகையால் மார்கழியில் குளிர்ந்த நிழலாகத் தோன்றிய வடபுறம், அக்கினி நட்சத்திர நாட்களில் வெயிலுக்கு இலக்காக, தென்புறத்துச் சுவரோரம் அப்போது நிழலுக்குள் ஒடுங்கிவிடும். ஒரு வருஷம் குடியிருந்து இந்தப் போக்குவரத்தைக் கவனித்த பின் செடி வாங்குவது உத்தமம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் சுவரோரத்துக்கு வெயில், நிழல் இரண்டையும் தாங்கும் நந்தியாவட்டையை நம்பலாம்.

மண்ணின் விஷயத்தை விளக்க இட்லிப்பூவைவிட நல்ல உதாரணம் கிடையாது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான இச்செடி, தொல்காப்பியத்தின் புறத்திணைகளுள் முதலாவதற்குப் பெயர் தந்த வெட்சியென்று கொள்ளப்படுவது. நிரை கவரச் சென்ற வீரர்கள் சூடிய பூ. அத்தனை பழைய குடிமகனாயினும், புது வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி நட்டால் பெரும்பாலும் வாடிய முகத்துடனேயே நிற்கிறது. அதன் இளம் இலைகளை உற்று நோக்கினால், நரம்புகள் பச்சையாகவும் அவற்றிடையே உள்ள பரப்பு வெளிர் மஞ்சளாகவும் இருக்கக் காணலாம். வியாதியென்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது இரும்புச்சத்துக் குறை. இச்செடி சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. கட்டட வேலையில் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து மண் காரத்தன்மை அடையும்போது, இரும்பு மண்ணிலேயே இருந்தும் கரையாத உருவத்துக்கு மாறிவிடுவதால் வேர் அதை உறிஞ்ச முடியாமற் போகிறது. இலை பச்சையம் தயாரிக்க இரும்பு அவசியம். பழைய இலையிலிருந்து அது புதிய கொழுந்துக்கு எளிதில் இடம்பெயராது. ஆதலால் மஞ்சள் முதலில் கொழுந்தில் தோன்றுகிறது. அன்னபேதியை மண்ணில் இட்டால், காரம் மிகுந்த இடத்தில் அதுவும் விரைவில் கரையாப் பொருளாகிவிடும். நீர்த்த கரைசலாக இலைமேல் தெளித்தால் பயன் தெரியும். அதைவிட எளிய உபாயம், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இடிபாடுகளை அகற்றிவிட்டுச் செம்மண்ணும் மக்கிய இலைச்சருகும் இட்ட குழியில் நடுவதே.

மண்ணின் குணம் பூவின் வர்ணத்தையே மாற்றிவிடும் விந்தையைக் காண விரும்புகிறவர்கள் உதகையின் தோட்டங்களில் ஹைட்ராஞ்சியாவைப் பார்க்கலாம்: அமில மண்ணில் கரைந்த அலுமினியத்தை உட்கொண்டு நீலமாகவும், காரமண்ணில் அது கிட்டாமல் இளஞ்சிவப்பாகவும் பூப்பது. சமவெளியில் அதை வளர்க்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

தண்ணீரைப் பொறுத்தவரை, மிகுந்த உபசாரமே கெடுக்கும் செடி காகிதப்பூ. நாம் பூவென்று ரசிக்கும் மெல்லிய வர்ணத் தாள்கள் உண்மையில் பூவடிச் செதில்களே. அவற்றின் நடுவில் நிற்கும் சிறு வெண்குழல்தான் பூ. பிரெஞ்சுத் தாவர சாஸ்திரியான கொம்மர்சோன் 1767-இல் ரியோ டி ஜெனீரோ அருகே இதைச் சேகரித்துத் தம் கப்பற் பயணத்தின் தலைவரான பூகன்வீலின் பெயரை இட்டார். அப்பயணத்தில் கொம்மர்சோனுக்கு உதவியாளாய் ஆண் வேடத்தில் வந்த ஜான் பாரே, உலகைச் சுற்றி வந்த முதல் பெண்மணியாகப் பின்னர் அறியப்பட்டாரென்பது செடியைவிடச் சுவாரஸ்யமான கதை. தினமும் நீர் பெறும் காகிதப்பூ கிளையும் முள்ளுமாய் ஓடும்; சில நாள் மண் காய்ந்து இலை சற்றே தளர்ந்த பின் நீர் பெறுவது நிறையப் பூக்கும்.

கத்தரிக்கோலைக் கண்டு அஞ்சாத செடியா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கிளையின் நுனிக்கொழுந்தில் ஊறி இறங்கும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழேயுள்ள பக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. நுனி வெட்டப்பட்டால் அவை விழித்துப் பல தளிர்களாகக் கிளம்புகின்றன. மல்லிகையும் செம்பருத்தியும் புதுத்தளிரில் அரும்பு கட்டுகிற ஜாதியாதலால், அவற்றுக்குக் கவாத்து தண்டனையன்று, அனுகூலமே. மல்லிகை பயிரிடுவோர் கார்த்திகை மார்கழி வாக்கில் புதரைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு ஒட்ட வெட்டிவிட்டுக் கோடைப் பூவுக்குக் காத்திருப்பது இதனால்தான். அடிக்கடி வெட்ட மனமும் நேரமும் இல்லாதவர்கள் வாசற்படியருகில் செம்பருத்தியை நடாதிருக்கக் கடவர்.

அரளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வறட்சிக்கும் புகைக்கும் சளைக்காத அச்செடியை நெடுஞ்சாலைகளின் நடுவரப்பில் வரிசையாகக் காண்கிறோம்; ஆயினும் அதன் இலை, பூ, தண்டு யாவும் இருதயத்தைத் தாக்கும் விஷமுடையவை. மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த மஞ்சள் அரளியின் விதை அதற்கும் கொடியது. குழந்தைகளும் கன்றுகாலிகளும் நடமாடும் வீட்டுக்கு இவ்விரண்டும் வேண்டா. விஷமென்றால் எல்லோருக்கும் விஷமன்று: சிறகோரத்தில் வெண்புள்ளிகள் வரிசையிட்ட கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று அரளியிலேயே முட்டையிடுகிறது, அதன் புழு அவ்விலையைத் தின்று கொழுத்து, வெள்ளியில் வார்த்தெடுத்தாற்போன்ற கூடாகத் தொங்குவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

அயல்நாட்டிலிருந்து அலங்காரத்துக்கென வந்தவற்றுள் உண்ணிச்செடியைப் போல ஊரைப் பிடித்தது வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தோட்டத்துக்கு வந்த இந்த அமெரிக்கச் செடி, பறவைகள் பழத்தைத் தின்று விதை பரப்ப, இன்று முதுமலை, பந்திப்பூர்க் காடுகளின் அடித்தளத்தை நிரப்பி, மான்கள் மேயும் புல்லை நெருக்கிவிட்டது. மஞ்சளாக மலர்ந்து ஓரிரு நாளில் சிவக்கும் அதன் பூங்கொத்து அழகானதுதான். இருந்தும் மலையடிவாரத்தில் வீடுள்ளவர்கள் அதை நடுவது நியாயமாகாது.

கடைசியாக இடைவெளி. கன்று சிறிதாயிருக்கிறதே என்று அடிக்கொன்றாக நட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நந்தியாவட்டை ஆளுயரத்துக்கு வளர்ந்து ஏறக்குறைய அதே அகலம் விரியும். பவழமல்லியோ வெட்டாமல் விட்டால் சிறு மரமே ஆகிவிடும். நந்தியாவட்டைக்கு நாலைந்து அடியும் பவழமல்லிக்குப் பத்தடியும் விட்டு நட்டு, இடையில் வெறுமையாகத் தோன்றும் மண்ணில் முதல் இரண்டு வருஷங்களுக்குக் கேந்தியும் கோழிக்கொண்டையும் விதைத்துக்கொள்ளலாம். புதர்கள் விரிந்து நெருங்கிய பின் அந்தப் பாத்திகளைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.