கோளாறு அம்மாவின் விரலில் இல்லை

இரவு 9.20 மணி. 10 மணிக்குள் அம்மா இணையத் தேர்வை முடித்தாக வேண்டும். கேலாங்கில் உள்ள எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில், பழைய மேசைக்கணினி முன் உட்கார்ந்திருந்தார். சரியான விடை எது என்று அவருக்குத் தெரியும். ஆனால் எத்தனை முறை கிளிக் செய்தாலும் விடைக்குப் பக்கத்திலிருந்த வட்டம் நிரம்பவில்லை. ‘அடுத்து’ என்பதை ஒருமுறை அழுத்தினால் சில நேரம் இரண்டு கேள்விகள் தாண்டிப் போயின.

“எனக்குத்தான் இதெல்லாம் சரிவரல, கண்ணு. வயசாயிடுச்சு, விரல் ஒழுங்கா அழுத்தல போல,” என்றார்.

அம்மாவுக்கு 47 வயது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில்தான் கணக்குப்பதிவுப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். பள்ளிப் படிப்பை முடித்து நெடுங்காலத்திற்குப் பிறகு அவர் எழுதும் முதல் தேர்வு அது. ஒரு மவுஸ் வேலை செய்யாததற்கு அவர் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டது எனக்கு உறுத்தியது.

முதலில் தேர்வு, பிறகு மவுஸ்

நேரமில்லை. மவுசை ஓரமாக வைத்துவிட்டு விசைப்பலகைக்கு மாறினோம். டேப் விசை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்லும். அம்புக்குறி விசைகளால் விடையைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பேஸ் அல்லது என்டர் விசை, கிளிக் செய்வதற்குச் சமம். ஐந்து நிமிடத்தில் அம்மாவுக்குப் பழகிவிட்டது. 9.50க்குத் தேர்வைச் சமர்ப்பித்துவிட்டார்.

நண்பர்களே, மவுஸ் கைவிட்டால் உங்கள் கட்டுரையும் தேர்வும் நின்றுவிட வேண்டியதில்லை. இந்த நான்கு விசைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி

நான் பொறியியல் மாணவரல்ல, பொருளியல் படிக்கிறேன். இருந்தாலும் அன்றிரவு துப்பறியும் வேலையில் இறங்கினேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொண்டேன். பலவற்றைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

முதல் கேள்வி: கர்சர் நகர்கிறதா? நகர்ந்தது. அப்படியானால் மவுசுக்கு மின்சாரம் வருகிறது, இணைப்பும் இருக்கிறது. (கம்பியில்லா மவுஸ் என்றால் இந்தக் கட்டத்திலேயே புது பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரி தீரும் நேரத்தில் கிளிக்குகள் விட்டுப்போகும்.)

இரண்டாம் கேள்வி: வலது பொத்தான் வேலை செய்கிறதா? செய்தது. இரு பொத்தான்களின் செய்தியும் ஒரே கம்பி வழியாகத்தான் போகிறது. ஆகவே கம்பிமீது சந்தேகம் குறைந்தது.

மூன்றாம் கேள்வி: எல்லா இடத்திலும் இப்படியா, ஒரே ஒரு சாளரத்தில் மட்டுமா? ஒரு செயலியில் மட்டும் கிளிக் விழவில்லை என்றால், அந்தச் செயலி உறைந்திருக்கக்கூடும். விண்டோசில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். உறைந்த செயலியை அங்கே மூடலாம். எங்கள் வீட்டிலோ தேர்வுப் பக்கம், கோப்புகள், விளையாட்டு என எல்லா இடத்திலும் அதே தொல்லை.

நான்காவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. விண்டோஸ் அமைப்புகளில் மவுசின் முதன்மைப் பொத்தானை இடதிலிருந்து வலதுக்கு மாற்றலாம். மாற்றியதும் வலது பொத்தானால் ஒவ்வொரு கிளிக்கும் கச்சிதமாக விழுந்தது. கணினியிலும் குறையில்லை, மென்பொருளிலும் குறையில்லை. குற்றவாளி இடது பொத்தான்தான். என் மடிக்கணினியில் அதே மவுசைச் செருகியபோது இடது பொத்தான் அங்கேயும் தகராறு செய்தது.

சோதனையே தற்காலிகத் தீர்வும் ஆனது. அடுத்த நான்கு நாள்கள் அம்மா வலது பொத்தானாலேயே பாடங்களைப் படித்தார்.

அந்தச் சின்னச் சத்தம்

கிளிக் என்று கேட்கிறதே, அது பொத்தானுக்கு அடியில் இருக்கும் சிறு விசையின் சத்தம். அதற்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தும்போது அது சட்டென வளைந்து இன்னொரு முனையைத் தொடும், மின்சுற்று முழுமையாகும். தொடும் வேகத்தில் தகடு சில முறை துள்ளும். ஒரு சில மில்லிவினாடிகளுக்குள் வரும் அந்தத் துள்ளல்களைப் பொருட்படுத்தாமல் விடும்படி மவுசின் சில்லு அமைக்கப்பட்டிருக்கும்.

பல லட்சம் அழுத்தல்களுக்குப் பிறகு தொடுமுனை தேய்கிறது, அல்லது அதன்மேல் ஆக்சைடு படிகிறது. அப்போது அழுத்தினாலும் செய்தி போகாது. அல்லது துள்ளல் நீண்டு, ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். அம்மாவைக் குழப்பிய இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே.

அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையில், பில் இங்கிலிஷ் 1964ல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அதில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். மரம் பிளாஸ்டிக்காக மாறியும், பெரும்பாலான மவுஸ்களில் பொத்தானின் வேலை இன்றும் அதேதான்: ஒரு மின்சுற்றை மூடுவது, திறப்பது.

பூகிசுக்கு மூன்று நிறுத்தம்

புது மவுஸ் வாங்குவது எளிது. ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். ஒரு சிறு விசைக்காக முழு மவுசையும் வீசுவானேன்?

அல்ஜுனிட் நிலையத்திலிருந்து பூகிஸ் மூன்றே நிறுத்தம். அங்கிருந்து நடந்து, தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போனேன். மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த கட்டடம் அது. கடைக்கார அங்கிளிடம் பழைய மவுசைக் காட்டியதும், சின்னப் பெட்டி ஒன்றிலிருந்து அதே அளவு விசையை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வெள்ளிகூட ஆகவில்லை.

பல்துறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் நண்பன் பற்றவைக்க உதவினான். கணினியிலிருந்து கழற்றிய பிறகே மவுசைத் திறக்க வேண்டும் என்றான். திருகாணிகள் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குள் ஒளிந்திருந்தன. பழைய விசையின் மூன்று கால்களை விடுவிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. உதவிக்கு ஆளில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 2014ல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ இயக்கத்தின் தொண்டூழியர்கள், பழுதான பொருளை நாமே சரிசெய்யக் கற்றுத் தருகிறார்கள்.

விடை கிடைத்தது

அன்றாடப் பொருள்கள் சரியாக இயங்காதபோது மக்கள் தங்களையே குறைசொல்லிக்கொள்கிறார்கள் என்று வடிவமைப்பு ஆய்வாளர் டான் நார்மன் 1988ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். வகுப்பில் அதைப் படித்தபோது அது எனக்கு ஒரு தேர்வுக் குறிப்பு மட்டுமே.

சரிசெய்த மவுசை அம்மாவிடம் கொடுத்து, பழைய விசையையும் உள்ளங்கையில் வைத்தேன். மிகச் சிறியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்காகவா நான் அவ்வளவு நேரம் அழுத்திக்கிட்டிருந்தேன்?” என்று சிரித்தார்.

சென்ற வாரம் அச்சுப்பொறி நின்றுவிட்டது. அம்மா என்னை அழைத்தபோது மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை. “காகிதம் இருக்கு, விளக்கு எரியுது, உன் மடிக்கணினியிலேர்ந்து அனுப்பினா வருது. மேசைக்கணினியிலேர்ந்து அனுப்பினாத்தான் வரல. இப்ப அடுத்து என்ன பார்க்கணும், சொல்லு,” என்றார்.

பாதி வேலையை அவரே முடித்திருந்தார்.